கழற்றி எடுத்த கனரக லாரி கியர்பாக்ஸை அடையாளம் காண்பதும் மீண்டும் பயன்படுத்துவதும்

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொண்டிருக்கிறேன்: உடைக்கப்பட்ட ஒரு கனரக லாரியிலிருந்து கழற்றிய மேனுவல் கியர்பாக்ஸ் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள், அதன் தகடு பாதிக்குமேல் அழிந்துவிட்டது, உறையின் மேல் புடைப்பாக இருக்கும் ஓர் எண் மட்டும் தெளிவாகத் தெரிகிறது, அந்த எண்ணைக் கொண்டு அது எந்த மாதிரி என்று கண்டறியவும், வேறு எஞ்சின் உள்ள உங்கள் லாரியில் அதைப் பொருத்த முடியுமா என்று தெரிந்துகொள்ளவும் விரும்புகிறீர்கள். பெரும்பாலும் பொருத்த முடியும். ஆனால் நீங்கள் நம்பியிருக்கும் அந்தப் புடைப்பு எண் அதற்கு உதவாது. அது உறை வார்ப்பின் எண். ஒரே வார்ப்பில் செய்த உறைக்குள் வெவ்வேறு பற்சக்கரத் தொகுதிகள் பொருத்தப்பட்டு, வெவ்வேறு மாதிரிகளாக விற்பனைக்கு வந்திருக்கும். ஆகவே அந்த எண் உறையைப் பற்றி மட்டுமே பேசும். உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாது.

முதலில் தகட்டையே இன்னும் ஒருமுறை முயன்று பாருங்கள். பெயின்ட்டையும் எண்ணெய்ப் பிசுக்கையும் கரைப்பானில் ஊறவைத்து, மென்மையான தூரிகையால் நீக்குங்கள். கம்பித் தூரிகையால் தேய்த்தால் மிஞ்சியிருக்கும் எழுத்தும் போய்விடும். சுத்தமான தகட்டின் மீது மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால், கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள்கூடப் பல நேரங்களில் தாளில் எழுந்து வரும். இருட்டில் டார்ச் ஒளியைப் பக்கவாட்டிலிருந்து பாய்ச்சிப் பார்ப்பதும் பயன் தரும்.

ஒரு சில எழுத்துகள் கிடைத்தாலே போதும், நிறையப் புரிந்துவிடும். ஈட்டன் ஃபுல்லர் வகையில் ஆர்டிஎல்ஓ-16913ஏ என்றிருந்தால், முதல் ஆர் என்பது ரோட்ரேஞ்சர் என்ற பெயரையும், டி என்பது இரட்டைக் கவுன்டர் ஷாஃப்ட்டையும் (மெயின் ஷாஃப்ட்டுக்கு இணையாகச் சுற்றும் துணை ஷாஃப்ட்), ஓ என்பது ஓவர்டிரைவையும் (உள்ளே வரும் ஷாஃப்ட்டைவிட வெளியேறுவது வேகமாகச் சுற்றும் மேல் கியர்) குறிக்கும். 16 என்பது 1650 பவுண்டு-அடி, அதாவது சுமார் 2237 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைத் திறனையும், 9 என்பது வடிவமைப்பு நிலையையும், 13 என்பது முன்னோக்கிய கியர்களின் எண்ணிக்கையையும், கடைசி எழுத்து விகிதத் தொகுதியையும் காட்டும். இதில் ஒரு விதிவிலக்கு உண்டு: 08எல்எல் என்று முடியும் வகைக்கு எட்டு அல்ல, பத்து முன்கியர்கள். இசட்எஃப் வகையில் 16எஸ் என்பது சின்க்ரோ (கியர் போடும்போது சுழலும் வேகங்களைச் சமப்படுத்தும் அமைப்பு) உள்ள 16 கியர்களைக் குறிக்கும். 16எஸ் 1820 டிஓ, 16எஸ் 2220 டிடி என்பன போன்ற பெயர்களில் இறுதியில் வரும் ஓ ஓவர்டிரைவ், டி நேரடி இயக்கம் (மேல் கியரில் இரண்டும் ஒரே வேகம்). அந்த நிறுவனத்தின் தகட்டில் பாகப்பட்டியல் எண் ஒன்றும் தனியாக இருக்கும். மாதிரிப் பெயரைவிட அதுவே துல்லியமானது, ஏனெனில் ஒரே பெயருள்ள பெட்டிகளுக்குள்ளும் யோக் (பின் அச்சுக்குச் செல்லும் பிராப்பெல்லர் ஷாஃப்ட்டை மாட்டும் இணைப்பு), பக்க மூடி, வேகமானி இணைப்பு ஆகியவை வேறுபடும்.

தகடு வாசிக்கக் கிடைத்தாலும் அதை மட்டும் நம்பிப் பொருத்திவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பழுதுபார்த்தபோது உட்பாகங்கள் மாற்றப்பட்டிருக்கலாம்; இரண்டு பெட்டிகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கலாம்; தகடே வேறு பெட்டியிலிருந்து வந்திருக்கலாம். எனவே பெட்டியை அளந்து, அந்த அளவுகளே அதன் பெயரைச் சொல்லும்படி செய்ய வேண்டும்.

கியர்களின் எண்ணிக்கையிலிருந்து தொடங்கலாம். கனரகப் பெட்டிகளில் முன்பகுதியில் சில கியர்களும், அவற்றை இரட்டிப்பாக்கும் ரேஞ்ச் பகுதியும், சிலவற்றில் ஒவ்வொரு கியரையும் பாதியாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டரும் இருக்கின்றன. முன்பகுதியில் ஐந்து நிலைகளும் ரேஞ்சும் மட்டும் இருந்தால், மேல்ரேஞ்சில் ஐந்தையும் பயன்படுத்தும் அமைப்பு 10 கியர், நான்கை மட்டும் பயன்படுத்துவது 9 கியர். மேல்ரேஞ்சின் நான்கு கியர்களுக்கு மட்டும் ஸ்பிளிட்டர் வேலை செய்தால் ஐந்தும் எட்டும் சேர்ந்து 13; இரண்டு ரேஞ்சிலும் வேலை செய்தால் பத்தும் எட்டும் சேர்ந்து 18. இசட்எஃப் வகையில் நான்கு, ரேஞ்சால் எட்டு, ஸ்பிளிட்டரால் 16. ஃபுல்லரின் 13 கியர் பெட்டிக்கும் 18 கியர் பெட்டிக்கும் வெளித்தோற்றத்தில் வித்தியாசம் மிகக் குறைவு என்பதால், கேபினில் இருக்கும் கியர் லீவரின் குமிழையும் அதிலிருந்து வரும் காற்றுக் குழாய்களையும் பெட்டியோடு சேர்த்தே எடுத்திருக்க வேண்டும். அந்தக் குமிழ் இல்லாமல் பெட்டியை மட்டும் கழற்றிக் கொடுத்திருந்தால், அதே லாரியிலிருந்து அதையும், காற்று வால்வுகளையும், கிளட்ச் பிளேட்டையும், யோக்கையும், பெட்டியைத் தாங்கும் மவுன்ட்டுகளையும், வேக சென்சாரையும் கேட்டு வாங்கிவிடுங்கள். பின்னால் ஒவ்வொன்றாகத் தேடும்போது ஆகும் செலவும் அலைச்சலும் பெட்டியின் விலையையே தாண்டக்கூடும்.

அடுத்தது விகிதம். பெட்டியை உறுதியான மரக்கட்டைகள் மீது நிறுத்தி, உள்ளே வரும் ஷாஃப்ட்டிலும் வெளியேறும் யோக்கிலும் சாக்பீஸால் குறியிடுங்கள். மிகக் கீழான கியரில் போட்டு, யோக் சரியாக ஒரு சுற்று முடிக்கும்வரை உள் ஷாஃப்ட்டைச் சுற்றி எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையே விகிதம். மேல் கியரில் இதைத் திருப்பிச் செய்ய வேண்டும்: உள் ஷாஃப்ட்டைப் பத்துச் சுற்று சுற்றி, யோக் எத்தனை சுற்றியது என்று பாருங்கள். பத்துக்குப் பத்து வந்தால் நேரடி இயக்கம், ஏறத்தாழ 11.9 வந்தால் 0.84 விகித ஓவர்டிரைவ், 13.7 வந்தால் 0.73. ஃபுல்லர் 18 கியர் பெட்டிகளில் பரவலாகக் காணப்படும் ஒரு தொகுதி 14.40 முதல் 0.73 வரை செல்கிறது. இசட்எஃப் 16எஸ் குடும்பத்தின் ஓவர்டிரைவ் வகை 13.80 முதல் 0.84 வரை, நேரடி வகை 16.41 முதல் 1.00 வரை. இந்தச் சோதனைக்கு ரேஞ்சும் ஸ்பிளிட்டரும் சரியான நிலையில் இருக்க வேண்டும். காற்று இல்லாதபோது அவை கடைசியாக நின்ற நிலையிலேயே கிடக்கும். சிறிய கம்ப்ரஸரிலிருந்து ரெகுலேட்டர் வழியாக நான்கு பார் அளவில் காற்றைக் கொடுத்து அவற்றை நகர்த்தலாம். ஃபுல்லர் பெட்டிகளின் சொந்த ரெகுலேட்டரே 57.5 முதல் 62.5 பிஎஸ்ஐ வரைதான், அதாவது சுமார் நான்கு பார்தான், அனுமதிக்கிறது. ஏர் டேங்க்கின் முழு அழுத்தத்தை நேரே செலுத்தக் கூடாது. காற்று கொடுக்கும்போது உறைத் திறப்புகளுக்குள் விரல் இருக்கவே கூடாது.

இனி, உங்கள் எஞ்சினோடு அது சேருமா என்பது. பெட்டியின் முன்னுள்ள பெல் ஹவுசிங்கும் எஞ்சினின் பிளைவீல் ஹவுசிங்கும் இணையும் முகப்பை அளந்து பாருங்கள். எஸ்ஏஇ 1 என்ற தர அளவில் மைய வளையத்தின் விட்டம் 511.2 மி.மீ., போல்ட் வட்டம் 530.2 மி.மீ.; எஸ்ஏஇ 2 என்றால் முறையே 447.7, 466.7 மி.மீ. இரண்டிலும் போல்ட் துளைகள் பன்னிரண்டே என்பதால் துளைகளை எண்ணி மட்டும் முடிவுக்கு வர முடியாது. எல்லா நிறுவனங்களும் இந்தத் தர அளவுகளைப் பின்பற்றுவதும் இல்லை. சில பெட்டிகளில் பெல் ஹவுசிங்கைத் தனியே கழற்றி வேறொன்றைப் போடலாம்; சிலவற்றில் அது முன் உறையோடு ஒரே வார்ப்பாக இருக்கும், அங்கே வழியில்லை. உள் ஷாஃப்ட்டின் ஸ்ப்லைனிலும் (கிளட்ச் பிளேட் மாட்டும் நீளவாக்குப் பற்கள்) இதே எச்சரிக்கை தேவை: 2 அங்குல ஷாஃப்ட்டுக்கும் ஒன்றேமுக்கால் அங்குல ஷாஃப்ட்டுக்கும் பத்துப் பற்கள் இருக்கின்றன. எண்ணிக்கையோடு விட்டத்தையும் அளந்து, பிளைவீலின் நடுவே உள்ள பைலட் பேரிங்கில் ஷாஃப்ட் முனை சரியாக அமர்கிறதா, ஷாஃப்ட்டின் நீளம் எட்டுகிறதா என்றும் உறுதிப்படுத்த வேண்டும்.

கிளட்ச்சைப் பற்றி நடைமுறையில் பலர் யோசிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. ஃபுல்லர் வகையின் முன்பகுதியில் சின்க்ரோ கிடையாது. வண்டி நிற்கும்போது முதல் கியர் போட, சுழன்றுகொண்டிருக்கும் உள் ஷாஃப்ட்டை நிறுத்தும் கிளட்ச் பிரேக் அதற்குத் தேவை. அந்தப் பிரேக், மிதிக்கும்போது பேரிங் பெட்டியை நோக்கி இழுபடும் ‘இழுக்கும் வகை’க் கிளட்ச்சோடுதான் வேலை செய்கிறது. உங்கள் லாரியில் தள்ளும் வகைக் கிளட்ச் இருந்து, அதில் இந்தப் பெட்டியை மாட்டினால், ஒவ்வொரு முறை நின்று கிளம்பும்போதும் பற்கள் கரகரக்கும். சில மாதங்களில் கீழ் கியரின் இணைப்புப் பற்கள் மழுங்கிவிடும். அப்படியானால் கிளட்ச் முழுவதையும், மிதியிலிருந்து பேரிங் வரையுள்ள இயக்க அமைப்பையும் சேர்த்தே மாற்ற வேண்டும். சின்க்ரோ உள்ள பெட்டிக்கு இந்தச் சிக்கல் இல்லை.

பின் அச்சோடு ஒத்துப்போகிறதா என்பதை இன்னும் கவனமாகக் கணக்கிடுங்கள். சுமார் 3.2 மீட்டர் சுற்றளவு உருளும் டயரில் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 417 முறை சுற்றும். கிரௌன் விகிதம் (பின் அச்சில் உள்ள பற்சக்கரங்களின் விகிதம்) 4.10 என்றால் பிராப்பெல்லர் ஷாஃப்ட் 1708 முறை சுற்றும். நேரடி இயக்கப் பெட்டியில் எஞ்சினும் அதே 1708இல் ஓடும், 0.84 ஓவர்டிரைவில் 1435, 0.73இல் 1247. இதே கணக்கை 3.07 கிரௌனுக்குப் போட்டால் நேரடி இயக்கத்திலேயே 1280க்கு அருகில் வந்துவிடும். அந்த அச்சோடு 0.73 பெட்டியைச் சேர்த்தால் எஞ்சின் 930 அளவில் திணறும். ஓவர்டிரைவ் என்றாலே சிக்கனம் என்று எண்ணி வாங்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். உண்மையில் 13.80 முதல் 0.84 வரையுள்ள பெட்டியை 4.10 அச்சோடும், 16.41 முதல் 1.00 வரையுள்ள பெட்டியை 3.42 அச்சோடும் சேர்த்துப் பெருக்கிப் பாருங்கள்: கீழ் முனையில் 56.6உம் 56.1உம், மேல் முனையில் 3.44உம் 3.42உம் வருகின்றன. இரண்டு லாரிகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே ஓடும். பெட்டியையும் அச்சையும் ஒரே இணையாகப் பார்க்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். எஞ்சினின் உச்ச முறுக்குவிசை பெட்டியின் திறனைத் தாண்டக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

அடையாளமும் பொருத்தமும் சரியாக வந்த பிறகு, பெட்டி நல்ல நிலையில் இருக்கிறதா என்ற கேள்வி வருகிறது. இங்கே விற்றவரிடம் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: அந்த லாரி கடைசியாக எப்படி இழுத்து வரப்பட்டது? பின் சக்கரங்கள் உருள, பிராப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றாமல் இழுத்திருந்தால், மெயின் ஷாஃப்ட் சுற்றியிருக்கும். ஆனால் எஞ்சின் ஓடாததால் கவுன்டர் ஷாஃப்ட்டுகள் சுற்றியிருக்காது. எண்ணெயை வாரியடித்து மேலே தெளிப்பவை அவையே. ஆகவே மெயின் ஷாஃப்ட்டின் பாகங்கள் நெடுந்தூரம் எண்ணெயின்றி ஓடியிருக்கும். விபத்து வரைக்கும் குறையில்லாமல் ஓடிய பெட்டி, விபத்துக்குப் பிறகான அந்த இழுவையில் கெட்டுப்போயிருக்க வாய்ப்புண்டு.

எண்ணெயை வெள்ளைத் தட்டில் வடித்துப் பாருங்கள். வடிகால் பிளக்கின் காந்தத்தில் பசைபோல் ஒட்டியிருக்கும் நுண்ணிய இரும்புத் தூள் இயல்பானது. கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய செதில்களோ துண்டுகளோ இருந்தால், ஏதோ ஒரு பேரிங்கோ பல்லோ உடைந்திருக்கிறது. எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வெளியில் மழையில் கிடந்த பெட்டிகளில் இது சாதாரணம். தண்ணீரை வடித்துவிடலாம். ஆனால் பேரிங் உருளைகளின் மேல் துருப் புள்ளிகள் விழுந்திருந்தால் அவை பொருக்குவிடும், மாற்றித்தான் ஆக வேண்டும்.

பிறகு மேல் மூடியைக் கழற்றுங்கள். இந்த வேலையைத் தவிர்க்கவே கூடாது. நியூட்ரலில் வைத்துத்தான் தூக்க வேண்டும். மேல் மூடி இல்லாத வகைகளில் பி.டி.ஓ. (பிற கருவிகளை இயக்கச் சக்தி எடுக்கும் இணைப்பு) பொருத்தும் பக்கத் திறப்பின் வழியே பார்க்கலாம். உள் ஷாஃப்ட்டை மெதுவாகச் சுற்றி, ஒவ்வொரு சக்கரத்தின் ஒவ்வொரு பல்லையும் வெளிச்சத்தில் பாருங்கள். பல்லின் நடுப்பகுதியில் மிகச் சிறிய குழிகள் மட்டும் இருந்தால் ஓடும். அவை ஒன்றுசேர்ந்து பொருக்காக உதிர்ந்திருந்தால் ஓடாது. நகரும் இணைப்பு வளையங்களின் பற்களை மேலும் கூர்ந்து பார்க்க வேண்டும்: முனை மழுங்கியிருப்பது கியர் போடும் பழக்கத்தின் விளைவு, ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம்; பல்லின் பக்கம் சரிவாகத் தேய்ந்திருந்தால் சுமையேறும்போது கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடும். மேட்டில் அது நடந்தால் எவ்வளவு ஆபத்து என்பதை நீங்களே அறிவீர்கள். அந்த வளையங்களை நகர்த்தும் ஃபோர்க் முனைகளின் தேய்மானத்தையும் அதே நேரத்தில் பார்த்துவிடுங்கள்.

இரட்டைக் கவுன்டர் ஷாஃப்ட் பெட்டியைத் திறந்த பலர், நடுவில் உள்ள மெயின் ஷாஃப்ட்டும் அதன் சக்கரங்களும் தாராளமாக ஆடுவதைக் கண்டு, பேரிங் போய்விட்டது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது பிழையான முடிவு. இரண்டு பக்கமும் இரண்டு கவுன்டர் ஷாஃப்ட்டுகள் சமமாகத் தாங்குவதால், நடுவில் உள்ளவை மிதந்தபடி தாமே மையம் தேடிக்கொள்ளும்படி வேண்டுமென்றே அப்படி வடிவமைக்கப்பட்டவை. ஒற்றைக் கவுன்டர் ஷாஃப்ட் பெட்டியில் அதே ஆட்டம் இருந்தால் அது பழுதுதான்.

பின்பகுதியில் ரேஞ்ச் சின்க்ரோவே அதிகமாக அடிபடும் பாகம். வேகம் குறையாமல் ரேஞ்சை மாற்றும் ஓட்டுநரின் கையில் அது விரைவில் தேய்ந்துவிடும். ரேஞ்ச் மாற்றம் தாமதமாகவோ சத்தத்தோடோ நடந்ததாக விற்றவர் சொன்னால், அந்தப் பகுதியைக் கழற்றி உராய்வுப் பரப்பையும் முள்களையும் பார்க்காமல் பொருத்தாதீர்கள். ஆனால் இரட்டை ஷாஃப்ட் பெட்டியில் பின்பகுதியைக் கழற்றினால், மீண்டும் மாட்டும்போது சக்கரங்களில் உள்ள டைமிங் குறிகளை ஒன்றோடொன்று சேர்த்தாக வேண்டும். குறி இல்லையென்றால் கழற்றும் முன்பே நீங்கள் இட வேண்டும். ஒரு பல் தள்ளிப்போனாலும் சுமை முழுவதும் ஒரே பக்கத்தில் விழுந்து பல் உடையும். காற்றுக் கசிவைச் சோப்பு நீரால் சோதிக்கலாம். ரேஞ்ச் மாறாததற்குக் காரணம் பல நேரங்களில் சின்க்ரோவாக இருக்காது. சிலிண்டர் பிஸ்டனின் ஓ-ரிங் கசிவாகவே இருக்கும். முன்புறத்தில் கிளட்ச் பிளேட் ஏறி இறங்கும் ஸ்ப்லைனில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். படிபோல் தடுக்கினால் ஷாஃப்ட்டை மாற்றுங்கள். ஃபுல்லர் பெட்டிகளில் முன் பேரிங் மூடியை மட்டும் கழற்றி அதை மாற்றிவிட முடியும் என்பது ஒரு வசதி.

பொருத்தும் நாளில் இரண்டு விஷயங்களில் அவசரப்படாதீர்கள். முதலாவது, பிளைவீல் ஹவுசிங்கின் உள்வளையத்தையும் முகப்பையும் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பாருங்கள், கோட்டம் 0.20 மி.மீட்டருக்குள், பைலட் துளையில் 0.13 மி.மீட்டருக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் எத்தனை நல்ல பெட்டியும் கியர் நழுவும், உள் ஷாஃப்ட் பேரிங் சத்தமிடும். குற்றத்தைப் பழைய பெட்டியின் மேல் போடுவோம். இரண்டாவது, சுமார் 300 கிலோ எடையுள்ள பெட்டியை அதற்குரிய ஜாக்கில் ஏற்றி, போல்ட்டுகள் இறுகும்வரை எடை ஜாக்கின் மேலேயே நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்ப்லைன் நுழைந்த நிலையில் பெட்டியை ஒரு நிமிடம் தொங்கவிட்டாலும் கிளட்ச் பிளேட் வளைந்து, பிறகு கிளட்ச் சரியாக விடுபடாது. போல்ட்டை இறுக்கிப் பெட்டியை இழுக்கவும் கூடாது. கையால் தள்ளி முகப்போடு முகப்பு சேர வேண்டும்.

பெட்டியின் நீளம் மாறுவதால் பிராப்பெல்லர் ஷாஃப்ட்டைக் குறைக்கவோ நீட்டவோ நேரும். அதைப் பேலன்ஸ் செய்யும் வசதி உள்ள பட்டறையில்தான் செய்ய வேண்டும். யோக்கின் அளவு வரிசை, ஷாஃப்ட்டின் சிலுவை வடிவ மூட்டோடு ஒத்திருக்க வேண்டும். வேக சென்சாரின் பல் எண்ணிக்கை மாறினால் வேகமானி பொய் சொல்லும்.

எண்ணெய் விஷயத்தில் பழக்கத்தை நம்பாமல் தயாரிப்பாளரின் பரிந்துரையைப் பின்பற்றுங்கள். கிரௌனுக்கு ஊற்றும் ஜிஎல்-5 எண்ணெயைக் கியர்பாக்ஸுக்கும் ஊற்றுவது பரவலான தவறு. அதன் கந்தகச் சேர்க்கைகள் பித்தளை, வெண்கலப் பாகங்களை அரிக்கக்கூடும். ஃபுல்லருக்கு எஸ்ஏஇ 50 செயற்கை எண்ணெய் பொருந்தும். இசட்எஃப் பெட்டிகளுக்கு அந்த நிறுவனத்தின் டிஇ-எம்எல் 02 பட்டியலில் உள்ளவை. வகைகளைக் கலக்கக் கூடாது. சமதரையில் நிறுத்தி, நிரப்பும் துளையின் விளிம்பிலிருந்து எண்ணெய் வழியத் தொடங்கும்வரை ஊற்ற வேண்டும். விரலை விட்டு எண்ணெய் தொடுகிறது என்பது போதாது.

முதல் ஓட்டத்தைச் சுமையில்லாமல், எல்லாக் கியர்களையும் இரண்டு ரேஞ்சிலும் பயன்படுத்திச் சில மணி நேரம் நடத்துங்கள். நியூட்ரலில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது இரட்டை ஷாஃப்ட் பெட்டி லேசாகக் கடகடக்கும். கிளட்ச்சை மிதித்ததும் அது நின்றால் கவலை வேண்டாம். எண்ணெய் வெப்பம் தொடர்ந்து 120 பாகை செல்சியஸுக்கு மேல் ஏறினால் நிறுத்தி, அளவையும் வகையையும் மீண்டும் சோதிக்க வேண்டும். திரும்பி வந்ததும், சூடு இருக்கும்போதே அந்த எண்ணெயை முழுவதும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். பல மாதம் கிடந்த பெட்டியின் மூலைகளில் ஒட்டியிருந்த தூளும் ஈரமும் அந்த முதல் எண்ணெயில்தான் வெளியே வரும். வடிகால் காந்தத்தைத் துடைத்து மாட்டி, அடுத்த ஆயிரம் கிலோமீட்டரில் அதை மறுபடி கழற்றிப் பாருங்கள். அப்போதும் பசை மட்டுமே இருந்தால் சுமை ஏற்றத் தொடங்கலாம்.